எனக்குப் பட்டையிலேயே ஊத்து

எங்கய்யா கள்ளு குடிப்பார். இதை எழுதப் போகிறேன் என்று ரெண்டு தோழர்களிடம் சொன்னேன். ஒருத்தர் முகத்தைச் சுளித்தார். "நம்மாளுகளக் குடிகாரன்னு ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லுதான். நீங்க வேற எழுதிக் குடுக்கணுமா?" என்றார். இன்னொருத்தர் 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாக்பூரில் அம்பேத்கர் தம் மக்களோடு பௌத்தம் தழுவியபோது சொல்லச் செய்த 22 உறுதிமொழிகளை ஞாபகப்படுத்தினார். மது குடிக்க மாட்டேன் என்பது அதில் ஒன்று. ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன். எங்கய்யா நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிறவன் தோளில் கையைப் போட்டுப் பேசி நான் பார்த்த ஒரே இடம் கள்ளுக்கடைதான். கோயிலில் இல்லை. சாவடியில் இல்லை. டீக்கடையில் இல்லை. வேலை பார்த்த அளத்திலும் இல்லை.

முத்தையாபுரம் தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. இப்போது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே துறைமுகம் பெரிய துறைமுகமாகிவிட்டது, அது 1974. அடுத்த வருசம் ஸ்பிக் உரக் கம்பெனி ஓட ஆரம்பித்தது. கப்பல் வந்தது, லாரி வந்தது, புகைக்கூண்டு வந்தது. எங்கய்யாவும் அம்மாவும் உப்பளத்துக்குத்தான் போனார்கள். விடியுமுன்னே போனால்தான் வெயில் ஏறுமுன் பாத்தியில் வாருபலகை போட்டு உப்பை இழுக்க முடியும். அய்யா வாருவார். அம்மா பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொட்டுவாள். காலில் செருப்பு கிடையாது. உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுப் பாதமெல்லாம் புண்ணாகிவிடும். நடுப்பகலில் உப்பு வெயிலைத் திருப்பி அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி மழை விழுந்தால் அந்த வேலையும் இல்லை.

அளத்தில் கணக்கப்பிள்ளை முன்னால் அய்யா நிற்கிற நிலை எனக்குத் தெரியும். துண்டு கக்கத்துக்குப் போயிருக்கும். முதுகு தானாக வளையும். ஊருக்குள் டீக்கடையில் எங்காளுகளுக்குத் தனிக் கிளாஸ். கூரைத் தாழ்வாரத்தில் ஓலையில் செருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்து, நாமே கழுவிச் செருக வேண்டும். பெஞ்சு உண்டு, எங்களுக்கு இல்லை. இதையெல்லாம் குற்றமென்று சொல்கிற சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. பொது உணவு விடுதியில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒருத்தரைத் தடுத்தால் தண்டனை என்று அதில் பாத்திரம் வரைக்கும் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டப் புத்தகம் எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து டீ குடிக்கவில்லை.

கள்ளுக்கடை வந்தது 1981-இல். தமிழ்நாட்டில் மதுவிலக்கின் கதை திறந்து மூடுகிற கதவின் கதை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தார். 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கலைஞர் திறந்தார், 1974-க்குள் அவரே மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும்.

கடை ஊருக்கு வெளியே, குடை மாதிரி விரிந்து நிற்கிற உடைமரங்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு ஓலைக் கொட்டகை, பெரிய பானைகள், தரையில் மணல். அவ்வளவுதான் கடை. பெஞ்சு கிடையாது, நாற்காலி கிடையாது. எல்லோரும் மணலில்தான் உட்கார வேண்டும். மணலில் மேல் எது, கீழ் எது? டீக்கடையில் இருந்த உயரம் இங்கே இல்லை. இது யாரோ யோசித்துச் செய்த புரட்சி இல்லை. பெஞ்சு வாங்க முதலாளிக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கய்யாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அம்மா என்னை அனுப்புவாள். "ஏலே, ஒங்கய்யாவக் கூட்டிட்டு வா. சோறு ஆறிப் போவுது." நான் போவேன். உடனே கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அய்யா மடியில் உட்கார்ந்துகொள்வேன். வாசலுக்கு வெளியே ஒரு பாட்டி அவித்த மொச்சையும் சுட்ட சாளைக் கருவாடும் வைத்திருப்பாள். அய்யா வாங்கித் தருவார். அந்தப் பாட்டியைத் தவிர அந்த இடத்தில் வேறு பொம்பளையை நான் பார்த்ததில்லை. அவளும் வெளியேதான். இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என்ன பேசுவார்கள்? எல்லாம் பேசுவார்கள். எந்த அளத்தில் கூலி எவ்வளவு, எந்தக் கங்காணி முன்பணத்தில் பிடித்தம் பண்ணினான், எந்தத் தெருவில் கேதம், குழி வெட்ட யார் போவது, எவன் பிள்ளை எட்டாவதில் பெயிலாகிப் போனான். சுடலைமாடன் கொடைக்கு மேளம் பேசுவது அங்கேதான். மாப்பிள்ளை பார்ப்பது அங்கேதான். சண்டை வந்தால் பஞ்சாயத்தும் அங்கேதான். மழை மூணு மாசம் வேலை இல்லாமல் கிடக்கிறோமே, அதற்கு ஏதாவது குடுக்கச் சொல்லிக் கேட்கணும் என்று முதன்முதலில் நான் காதால் கேட்டது அந்த மணலில்தான். அந்த மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று அரசாங்கத்திடமிருந்து வந்தது 2022-இல். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது இல்லை.

அளத்து ஆள்கள் மட்டும் வரவில்லை. லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள், கடற்கரையிலிருந்து வலைக்காரர்கள், பனையேறுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். பனையேறி ஒருத்தர் எங்கய்யாவுக்குக் கூட்டாளி. நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப் போன தோல், இடுப்பில் பாளை அருவாள் பெட்டி. அய்யா அவரை 'அண்ணாச்சி' என்பார். அவர் அய்யாவை 'என்னவே' என்பார். எங்கள் தெருவுக்கு அவர் வந்ததில்லை, அவர் தெருவுக்கு நாங்கள் போனதில்லை. ஆனால் மணலில் ரெண்டு பேர் முழங்காலும் இடித்துக்கொண்டிருக்கும். தன் சாதியைக் கோயிலுக்குள் விடாமல் அடித்த கதையை அவர் சொல்லுவார். 1897-இல் கமுதிக் கோயில் நுழைவு, 1899-இல் சிவகாசிக் கலவரம். வருசம் அவருக்குத் தெரியாது, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. "எங்க தாத்தன அடிச்சான் வே" என்பார். அய்யா தலையை ஆட்டுவார். "எங்கள இப்பமும் அடிக்கான் அண்ணாச்சி" என்பார். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய நாளாயிற்று.

கள்ளு குடிப்பது பட்டையில். குருத்தோலையை மடித்து ஈர்க்கால் கட்டினால் பட்டை. பதனீருக்கும் அதுதான், கள்ளுக்கும் அதுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள்ளு. பட்டையை ரெண்டு கையாலும் ஏந்தி, குனிந்து வாய்வைத்துக் குடிக்க வேண்டும். குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம். கழுவ வேண்டாம், செருக வேண்டாம். அதில் யார் வாய்வைத்தார்கள் என்ற கேள்வியே இல்லை.

1985 என்று நினைக்கிறேன். ஒருநாள் கடையில் கண்ணாடிக் கிளாஸ் வந்தது. கம்பெனி ஆள்கள் வர ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்குப் பட்டை தோதுப்படவில்லை. முதலாளி டஜன் கணக்கில் வாங்கிப் போட்டார். கொட்டகைக்குள் ஒரு பலகையில் கவிழ்த்து வைத்திருந்தது. வெளியே உடைமரத்துக் கொப்பில், கம்பியில் கோர்த்து, அஞ்சாறு அலுமினியத் தம்ளர் தொங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, போர்டும் எழுதி வைக்கவில்லை. எங்காளுகளுக்கு அதெல்லாம் எழுதிக் காட்டவா வேண்டும்?

அன்றைக்கு அய்யா கொஞ்ச நேரம் அந்தத் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனார். "மொதலாளி, எனக்குப் பட்டையிலேயே ஊத்து" என்றார். பட்டை நிறுத்தியாச்சு என்றார் முதலாளி. அய்யா திரும்பி வந்துவிட்டார். அவர் பின்னால் எங்கள் தெரு ஆள்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கத்தல் இல்லை, அடிதடி இல்லை. கூட்டமாக உடங்காட்டு வழியே நடந்து வந்தோம். அய்யா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை நடுங்கியது. குடிக்காததால் நடுங்கியதா, கோபத்தில் நடுங்கியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆறு நாள் யாரும் போகவில்லை. மூணாம் நாள் அந்தப் பனையேறியும் நின்றுவிட்டார். அவரைக் கிளாஸில் குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்குப் பலகையில் இடம் உண்டு. ஆனால் முதலாளியிடம் அவர் சொன்னதாகச் சொன்னார்கள்: "எம் மரத்துக் கள்ளு. அவனுக்குப் பட்டைன்னா எனக்கும் பட்டையிலேயே ஊத்து. இல்லன்னா கலயத்த வேற கடைக்குத் தூக்கிருவேன்." கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் உப்பளத்து ஆள்கள். ஏலத்தில் எடுத்த கடை, காசு ஓட வேண்டும். ஏழாம் நாள் கிளாஸும் போய்விட்டது, தம்ளரும் போய்விட்டது. கம்பெனிக்காரனுக்கும் பட்டைதான் என்றாகிவிட்டது.

எங்கள் தெருவில் அதை ஜெயிப்பாகத்தான் பேசினார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். ரொம்ப வருசம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. முதலாளி எல்லோருக்கும் ஒரே கிளாஸ் தரவில்லை. எல்லோருக்கும் பட்டை தந்தார். எங்களோடு ஒரு பாத்திரத்தில் வாய்வைப்பதைவிட, பாத்திரமே இல்லாமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. தூக்கி எறிகிற பொருளில்தான் எங்களுக்குச் சமத்துவம் கிடைத்தது. 1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கிக் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது ஊர்ப் பொதுக் குளம். நாங்கள் கேட்டது அந்தக் குளத்தை அல்ல, எங்களுக்கு என்று தனியாக ஒரு பட்டை. ஆனாலும் அய்யாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முதுகு வளையாமல் கேட்ட முதல் கேள்வி அது.

1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை வந்தது. மரத்திலிருந்து இறங்கியது குற்றமாயிற்று, பாட்டிலில் வந்தது சட்டமாயிற்று. கள்ளு இன்றைக்கும் தமிழ்நாட்டில் குற்றம்தான். பனையேறி அண்ணாச்சி பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி போட்டார், கட்டுப்படியாகவில்லை, கடைசியில் ஒரு குடோனுக்குக் காவலுக்குப் போனார். அய்யா உடங்காட்டில் திருட்டுச் சாராயத்துக்குப் போனார். முன்னே கூட்டமாகப் போனவர் தனியாகப் போனார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, மொச்சை இல்லை. நின்றபடியே ஊற்றிக்கொண்டு ஓடி வருவார். போலீஸ் சோதனை போடுகிறது என்றால் அது எங்கள் தெருவுக்குத்தான் வரும். கள்ளுக்கடை இருந்தபோது அய்யா குடித்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடை மூடிய பிறகுதான் அவர் குடிகாரர் ஆனார்.

என் காலம் ஒயின்ஷாப்புக் காலம். துறைமுகம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தேன். வேலை முடிந்தால் நாலைந்து பேர் பாருக்குப் போவோம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஈ மொய்க்கிற மேசை. பக்கத்து மேசைக்காரன் நம் தட்டில் கைவைத்துக் கடலையை எடுத்துப் போவான், நாம் அவன் ஊறுகாயை எடுப்போம். தெரியாத ஆள் நம் தோளில் சாய்ந்து அழுவான். வெளியே பத்து ரூபாய் கடன் தராதவன் உள்ளே பர்ஸை எடுத்து மேசையில் வைப்பான். இதையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த அன்பு அந்த நேரத்துக்கு உண்மைதான்.

1995 ஆகஸ்ட் 31-இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. அதற்குப் பிறகு ரெண்டு மூணு வருசம் தென்மாவட்டம் முழுக்க எரிந்தது. அந்த நாள்களில் பாரில் யாரும் பேர் கேட்க மாட்டார்கள். "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்பார்கள். முத்தையாபுரம் என்றால், "முத்தையாபுரத்துல எந்தத் தெரு?" என்பார்கள். தெற்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். சொன்ன பிறகு நாற்காலி கொஞ்சம் நகரும். நகர்கிற சத்தம் சிமெண்டுத் தரையில் நன்றாகக் கேட்கும். மணலில் கேட்டிருக்காது.

அப்படி நகராத ஒருத்தன் இருந்தான். என்னோடு வேலை பார்த்தவன், எங்களைத் தள்ளி வைத்த சாதிகளில் ஒன்று. முதல்நாளே "மாப்ள" என்று கூப்பிட்டான். பாரில் எல்லோருமே மாமன் மச்சான்தான், அதில் அதிசயமில்லை. ரெண்டு ரவுண்டுக்குள் உறவு முறை வந்துவிடும். அதே முறையை வெளியே ஒரு பையனும் பொண்ணும் நிஜமாக்கினால் அருவாள் வரும். 2025 ஜூலையில் எங்கள் மாவட்டத்துத் தலித் பையன் ஒருத்தன், படித்து நல்ல வேலையில் இருந்தவன், பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டான். இருந்தாலும் இவனை மற்றவர்களோடு சேர்த்துவிட எனக்கு மனசு வராது. என் வீட்டுக்காரிக்குப் பிரசவத்தில் ரத்தம் போன அன்று, கூப்பிடாமலே வந்து ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தவன் அவன். 2001-இல் அய்யா செத்தபோது எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். பாடை தூக்க வந்தான். எங்கள் தெருக்காரர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தானா? யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தான்.

2003 நவம்பரில் அரசாங்கமே டாஸ்மாக் மூலம் சில்லறைக் கடை நடத்த ஆரம்பித்தது. பார் அப்படியே தொடர்ந்தது. பிளாஸ்டிக் கிளாஸ், தண்ணீர் பாக்கெட். குடித்தோம், கசக்கி எறிந்தோம். பதினைந்து வருசம் அவனும் நானும் ஒரே பாட்டிலை ரெண்டாகப் பிரித்தோம், ஒரே தட்டில் ஈரல் சாப்பிட்டோம். கிளாஸ் மட்டும் ரெண்டு. அது எல்லோருக்கும் அப்படித்தானே. எனக்குப் பட்டை ஞாபகம் வரவில்லை.

2009-இல் என் மகள் சடங்குக்குப் பத்திரிகை வைக்க அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இல்லை, உள்ளே நாற்காலியில்தான் உட்கார வைத்தான். எனக்கு முன்னால் வந்த ரெண்டு பேர் எவர்சில்வர் தம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அவன் பொண்டாட்டி கொண்டுவந்து வைத்தாள், அவன் அம்மா உள்நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குடித்தேன். குடித்துவிட்டு அந்தக் கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கி எறிந்தேன். மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் பாருக்குப் போனோம். அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

என் அக்கா மகன் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் வேலைக்குப் போனவன். 2018-இல் ஒருநாள் போனில் ஒரு கடையைக் காட்டினான். மரமேசை, தந்தூரி அடுப்பு, வெள்ளைக்காரக் கிழவனும் சர்தார் கிழவனும் எதிரெதிரே பீர் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, இதுக்குப் பேரு பப்பு. பப்ளிக் ஹவுஸ்னு அர்த்தம்" என்றான். பொது வீடு. அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் பொதுக் கிணறு, பொதுச் சாவடி, பொது மயானம் எல்லாம் உண்டு. பொது என்று பேர் வைத்த எல்லாவற்றிலும் எங்களுக்கு இடமில்லை.

ஆனால் அங்கேயும் கதை அப்படித்தான் இருந்திருக்கிறது. அவன் சொன்னான், நானும் பிறகு தேடிப் படித்தேன். பக்கத்தில் ஸ்மெதிக் என்று ஒரு ஊர். பஞ்சாபிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போனவர்கள் அங்கே இரும்பு உருக்குகிற பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களைச் சில பப்புகளில் உள்ளேயே விடவில்லை. சிலவற்றில் ஒரு அறை மட்டும் அவர்களுக்கு, நல்ல அறை வெள்ளையருக்கு. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அவர்கள் கூப்பிட்டு 1965 பிப்ரவரி 12-இல் மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். புளூ கேட்ஸ் என்ற பப்பில் வெள்ளையர் அறைக்குப் போனார், மறுத்தார்கள். ஒன்பது நாளில், பிப்ரவரி 21-இல், நியூயார்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருசம் பொது இடங்களில் நிற ஒதுக்கலைத் தடுக்கிற இன உறவுச் சட்டம் பிரிட்டனில் வந்தது. இன்றைக்கு அந்தப் பக்கத்துப் பப்புகள் பலவற்றைப் பஞ்சாபிகளே நடத்துகிறார்கள். ஆனால் சாதிக்கு? சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் பாராளுமன்றம் சொன்னது. 2018-இல் அந்த நாட்டு அரசாங்கம் அது வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிவிட்டது.

என்னை உலுக்கியது வேறு. மால்கம் எக்ஸ் முஸ்லிம், மது தொடாதவர். குடிக்காத ஒருத்தர், குடிக்கிற இடத்தில் போய் நின்று, எனக்கு ஏன் அந்த அறை இல்லை என்று கேட்டிருக்கிறார். முப்பது வருசம் குடித்த நான், ஒரு பேப்பர் கப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருதடவை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் கிளாஸும் போயிற்று, தண்ணீர் பாக்கெட்டும் போயிற்று. கொஞ்ச நாள்தான், பிறகு மறைவாக எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் பாரில் கண்ணாடிக் கிளாஸ் வைத்தார்கள். ஒரு பையன் வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பான். முதல்நாள் கிளாஸைப் பார்த்ததும் என் கூட்டாளி கொஞ்சம் தயங்கினான். பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பேப்பர் கப்பு இருக்கா?" என்றான். "கழுவுறது சுத்தமில்ல மாப்ள" என்று என்னிடம் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். வாளித் தண்ணீர் கறுப்பாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு உடைமரத்துக் கொப்பில் தொங்கிய அலுமினியத் தம்ளர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் என் கிளாஸில் ஊற்றினேன். பாதி குடித்தேன். மீதியை அவன் முன்னால் நகர்த்தினேன். "குடி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். விளையாட்டா என்று முகத்தில் தேடினான். பக்கத்து மேசையில் ஐ.பி.எல். ஏலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பேப்பர் கப்போடு வந்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அவன் கிளாஸை எடுத்தான், குடித்தான், கீழே வைத்தான். வாயைத் துடைக்கவில்லை. "போதுமால?" என்றான். குரல் உடைந்திருந்தது.

அந்த நேரம் என் மனசில் என்ன வந்தது தெரியுமா? நன்றி. இவன் எவ்வளவு நல்லவன், நம் எச்சிலைக் குடித்துவிட்டானே என்று ஒரு நன்றி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. பேப்பர் கப்பைவிட அது பெரிய அவமானம். ஒரு மனுசன் இன்னொரு மனுசன் கிளாஸில் குடித்ததற்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? அவன் ரத்தம் என் வீட்டில் ஓடுகிறது, என் எச்சில் அவன் வாய்க்கு ஆகாதா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது, கண் பாதி தெரியாது, காலில் உப்புத் தழும்பு அப்படியே இருந்தது. உச்ச நீதிமன்றம் சொன்னபடி 2017-இல் நெடுஞ்சாலை ஓரக் கடைகளை மூடியதும், அப்படி ஒரு கடை எங்கள் தெருவைத் தேடி வந்தது. அதை மறித்து மற்றப் பொம்பளைகளோடு விளக்குமாற்றை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தவள் அவள். பட்டைக் கதை, கிளாஸ் கதை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முழுக்கக் கேட்டாள்.

"ஒங்கய்யா பட்டைக்கு ஆறு நாளு மல்லுக்கு நின்னாரு. அந்த ஆறு நாளும் கூலிய முழுசா எங்கிட்ட குடுத்தாரு. எனக்கு ஞாபகம் இருக்கது அதுதான்" என்றாள். பிறகு, "நீங்க ஆம்பளைங்க குடிச்ச எடத்துலதான் மனுசரா இருந்தீங்க, சரி. அங்க நாங்க இல்லையே. ஒங் கிளாஸ்ல அவன் குடிச்சிட்டான். அவம் பொண்டாட்டி ஒம் பொண்டாட்டி கையால ஒரு வாய்த் தண்ணி குடிப்பாளான்னு கேட்டியா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. 2021-இல் அம்மா போய்விட்டாள்.

நான் இப்போது குடிப்பதில்லை. 22 உறுதிமொழிக்காக என்று சொன்னால் தோழர்கள் சந்தோசப்படுவார்கள், ஆனால் நிஜக் காரணம் சர்க்கரை. கள்ளுக்கடை இருந்த உடங்காடு பிளாட் போட்டாயிற்று. போன வருசம் என் மகள் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் அவன் பொண்டாட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். முதல் தடவையாக அவள் வந்தாள். என் வீட்டுக்காரி எவர்சில்வர் தம்ளரில் டீ கொண்டுவந்து ரெண்டு பேருக்கும் கொடுத்தாள். "குடிங்கக்கா" என்றாள்.

அவன் எடுத்துக் குடித்துவிட்டான். அவள் தம்ளரைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "இப்பந்தான் குடிச்சிட்டு வந்தோம் தங்கச்சி" என்றாள். நல்லபடியாகத்தான் பேசினாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டாள், சேலையைத் தடவிப் பார்த்தாள். டீயில் ஆடை படிந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரியும் நானும் அந்தத் தம்ளரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம். கிளம்புகிற நேரத்தில் அவன் குனிந்து, அவள் வைத்த தம்ளரையும் எடுத்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தான். எங்கள் மனசு நோகக் கூடாது என்று குடித்தானா, பொண்டாட்டி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று குடித்தானா, எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரி ரெண்டு தம்ளரையும் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். "அத்த கேட்டது இன்னும் அப்பிடியேதான் இருக்கு" என்றாள்.